விதிக்கு அரசு ஊழியர், உரிமைக்கு அயலாரா?

2022 ஜூன் மாதத்தில் ஒன்றிய அரசின் தேசியத் தகவலியல் மையம் அரசு அலுவலகங்களுக்கு இணையப் பாதுகாப்பு நெறிமுறைகளை அனுப்பியது. கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது. அரசுக் கோப்புகளை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற இடங்களில் வைக்கக் கூடாது. கேம்ஸ்கேனர் போன்ற செயலிகளால் அரசு ஆவணங்களைப் படம் பிடிக்கக் கூடாது. நீளமான அந்தப் பட்டியலில் வீண் விதி என்று ஒதுக்கத்தக்கது எதுவும் இல்லை. யாருக்குப் பொருந்தும் என்பதையும் அது தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரந்தர ஊழியர், தற்காலிக ஊழியர், ஒப்பந்த ஊழியர், வெளி முகமை வழியாக வந்தவர் எல்லோரும் கட்டுப்பட்டவர்கள், மீறினால் நடவடிக்கை.

விதியைச் சொல்லும்போது எல்லோரும் அரசு ஊழியர்கள். ஊதியம், விடுப்பு, பதவி உயர்வு, பயிற்சி, ஓய்வூதியம் என்று கேட்டால் மட்டும், "நீங்கள் ஏஜென்சி ஆள், உங்கள் ஏஜென்சியைக் கேளுங்கள்" என்ற பதில் வருகிறது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் இ-சேவை மையத்திலும் அரசின் கணினிகளை இயக்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்துவரும் பதில் இதுதான். மக்களின் தகவல்களைக் காக்கும் பொறுப்பை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு, அந்தப் பொறுப்புக்குரிய பதவியையும் அதிகாரத்தையும் மறுக்கும் இந்த நடைமுறையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஊழியர் நலனோடு மட்டும் முடிந்துபோகும் விவகாரம் அன்று இது. நம் மயிலாடுதுறை மாவட்டத்தின் ஒவ்வொரு குடும்ப அட்டையும் ஒவ்வொரு பட்டாவும் இதில் சிக்கியிருக்கின்றன.

மயிலாடுதுறை இளைய மாவட்டம். நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து 2020 டிசம்பர் 28 அன்று தமிழ்நாட்டின் 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. முதல் ஆட்சியராகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண், இரா. லலிதா. நாகப்பட்டினத்தில் தூசு படிந்து கிடந்த பழைய காகிதக் கட்டுகளை வண்டியேற்றிக் கொண்டுவந்ததோடு இந்த மாவட்டத்தின் நிர்வாகம் அமைந்துவிடவில்லை. பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை, நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு எல்லாம் திரைக்கு வந்துவிட்ட காலத்தில் பிறந்த மாவட்டம் இது. குத்தாலத்திலோ செம்பனார்கோவிலிலோ ஒரு விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையைக் கொண்டுபோகும் முன்பே, அவருடைய நிலம், பயிர், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் கணினிக்குள் போய்விடுகின்றன. அந்தப் பதிவில் ஒரு எண் பிசகினால் நெல் களத்தில் நனையும், பணம் வேறெங்கோ போகும்.

2022 நவம்பர் 11-ஆம் தேதியை சீர்காழி மறந்திருக்காது. ஒரே நாளில் 44 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சம்பா, தாளடி வயல்கள் ஏரிபோல் நின்றன. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. யாருக்குப் பணம் சேரும், யாருக்குச் சேராது என்பதைத் தீர்மானித்தது குடும்ப அட்டைத் தகவல் தொகுப்பு. பயிர்ச் சேதக் கணக்கும் கடைசியில் கணினியில்தான் ஏறியது. அந்த நாட்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களும் மறுநாள் அலுவலகத்துக்கு வந்து பெயர்களை உள்ளிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்தப் பகுதி மக்கள் அறிவார்கள்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று 1 கோடியே 6 லட்சம் பெண்கள் பயனாளிகளாக ஏற்கப்பட்டார்கள். விண்ணப்பித்தவர்கள் அதைவிடவும் மிக அதிகம். ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப வருமானம், நிலம், மின்கட்டணம் என்று ஒரு பெண்ணின் வீட்டுக்குள் இருக்கும் அத்தனையும் அரசின் கைக்கு வந்தன. தமிழ்நாட்டில் இவ்வளவு பெண்களைப் பற்றிய இவ்வளவு விவரம் இதற்கு முன் ஓரிடத்தில் சேர்ந்ததில்லை. அதைக் காப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன பயிற்சி, என்ன பதவி என்று கேட்க ஒவ்வொரு பயனாளிக்கும் உரிமை இருக்கிறது.

யார் காக்கிறார்கள்? எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் கணினி முன்னால் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். கணினி அறிவியலில் பட்டம் பெற்றவர்கள், பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்தவர்கள், பொறியியல் படித்தவர்கள் அவர்களில் உண்டு. ஒப்பந்தம், தொகுப்பூதியம், ஏஜென்சி என்று பெயர்தான் மாறுகிறது, நிலைமை ஒன்றுதான். ஊரக வளர்ச்சித் துறையில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கென எடுக்கப்பட்ட கணினி உதவியாளர்கள் பணிவரன்முறை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிவருகிறார்கள். அந்தத் துறை அலுவலர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் அது வாடிக்கையான வரியாகிவிட்டது. அரசுகள் மாறின, அந்த வரி மாறவில்லை.

இந்தப் பெண்களின் வேலை எழுத்துகளை அடிப்பதோடு நிற்பதில்லை. மேலதிகாரியின் லாகின் அவர்கள் கையில் இருக்கிறது. டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன் அவர்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதிகாரி களப்பணிக்குப் போயிருக்கும்போது ஓடிபி வந்தால், கைப்பேசியில் கேட்டு அதை உள்ளிடுவதும் அவர்கள்தான். "நிலுவை ஏன் இவ்வளவு?" என்று ஆய்வுக் கூட்டத்தில் கேள்வி வரும்போது, அந்த நிலுவையை இரவு வரை இருந்து முடித்துக் கொடுப்பவர்களும் அவர்களே. விதிப்படி இதில் பாதி நடக்கவே கூடாது. கடவுச்சொல்லை யாருக்கும் தராதே என்று சொல்லும் அதே அரசுதான், கடவுச்சொல்லைப் பகிராமல் ஒரு நாள்கூட ஓட முடியாதபடி அலுவலகத்தை அமைத்து வைத்திருக்கிறது. தப்பு நடந்த பிறகு யார் பெயரில் மெமோ வரும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை.

ஏனென்றால் நடந்தே காட்டிவிட்டது. ஒன்றிய அரசின் பி.எம். கிசான் திட்டம் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருவது. 2020-இல், ஊரடங்குக் காலத்தில், தமிழ்நாட்டில் விவசாயிகளே இல்லாத லட்சக்கணக்கானோர் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதல் கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள கடலூர் வரை மோசடி பரவியிருந்தது. தகுதியற்றவர்கள் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர், பறிபோன தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். எந்த வெளிநாட்டு ஹேக்கரும் வரவில்லை. எந்த சர்வரையும் யாரும் உடைக்கவில்லை. வட்டார அளவில் கொடுக்கப்பட்டிருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கைமாறி, தனியார் கணினி மையங்களுக்கும் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. அவ்வளவுதான் நடந்தது.

தவறு செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்போது எடுத்த நடவடிக்கையைப் பாருங்கள். 80 பேரை வேலையைவிட்டே நீக்கினார்கள். ஒப்பந்தத்தில் இருந்தவர்களை நீக்க ஒரு தாள் போதும். துறை அலுவலர்கள் முப்பத்துச் சொச்சம் பேர் மீது இடைநீக்கமும் துறை நடவடிக்கையும். யாருடைய பெயரில் அந்தக் கடவுச்சொல் இருந்தது, அதைப் பகிரச் சொன்ன இலக்கு யார் வைத்தது, இத்தனை லட்சம் பெயர்கள் சில வாரங்களில் ஏறியபோது எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய அலுவலர் யார் என்ற கேள்விகள் அந்த நீக்கங்களோடு முடிந்துவிட்டன. ஒவ்வொரு வட்டாரத்திலும் பதிவேட்டைக் கண்காணிக்கும் பயிற்சிபெற்ற ஒருவர் இருந்திருந்தால், ஒரே கணினி மையத்திலிருந்து நள்ளிரவில் நூற்றுக்கணக்கான பெயர்கள் நுழைவது முதல் வாரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். அப்படி ஒரு பணியிடம் அன்றும் இல்லை. 110 கோடி ரூபாய் கொடுத்துக் கற்ற பாடத்தை ஓர் அரசாணையாகக்கூட மாற்றாமல் விட்டது மன்னிக்கத்தக்கதன்று.

அதற்கடுத்த ஆண்டு, 2021 ஜூனில், தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தின் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் தகவல்கள் இணையத்தில் வெளியாகியிருப்பதாக பெங்களூருவின் டெக்னிசாங்க்ட் நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கணினிகளை ரேன்சம்வேர் பூட்டியது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல் துறையின் முகமறியும் மென்பொருள் தளத்துக்குள் ஊடுருவல். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2022 நவம்பரில் இரண்டு வாரம் காகிதமும் பேனாவுமாகத் திண்டாடியதை நாடே பார்த்தது. தலைநகரங்களின் நிலையே இது என்றால் மணல்மேட்டிலும் கொள்ளிடத்திலும் உள்ள அலுவலகங்களைப் பற்றி என்ன சொல்ல.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாடு அரசு 2020-இலேயே இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. 2024-இல் அதைப் புதுப்பித்தது. ஒன்றிய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, தகவல் திருட்டு போன்ற எந்த நிகழ்வையும் அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். 2023 ஜூன் 30 அன்று அதே அமைப்பு அரசு நிறுவனங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. அவருக்குக் கீழ் தனிக் குழு வேண்டும் என்கிறது. கணினிகளை இயக்குகிறவர்களும் அவற்றின் பாதுகாப்பைச் சோதிக்கிறவர்களும் ஒரே ஆட்களாக இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இப்போது மன்னம்பந்தலில் இருக்கும் நம் ஆட்சியரகத்தை எடுத்துக்கொள்வோம். தேசியத் தகவலியல் மையத்தின் மாவட்டத் தகவலியல் அலுவலர் இருக்கிறார். அவர் ஒன்றிய அரசின் ஊழியர், அவருக்கு ஆயிரம் வேலை. மாநில மின்னாளுமை முகமையின் மின் மாவட்ட மேலாளர் பணி இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகங்களிலும், மயிலாடுதுறை, குத்தாலம், செம்பனார்கோவில், சீர்காழி, கொள்ளிடம் ஊராட்சி ஒன்றியங்களிலும், நகராட்சிகளிலும் தகவல் பாதுகாப்பையே முழுநேர வேலையாகக் கொண்ட நிரந்தரப் பணியிடம் எத்தனை? மாநில அரசு இதற்கு மாவட்டவாரியாக எழுத்தில் பதில் சொல்லட்டும். "கூடுதல் பொறுப்பு" என்ற இரண்டு சொற்களைப் பதிலாகத் தர வேண்டாம். பேரிடர் மேலாண்மையையும் தேர்தலையும் சுமந்துகொண்டிருக்கும் ஒரு வருவாய் அலுவலரின் பெயருக்குப் பக்கத்தில் இதையும் எழுதிவைத்தால், ஆறு மணி நேரத்துக்குள் யார் யாருக்குத் தகவல் சொல்வது? ஊடுருவலை முதலில் கவனிக்கப்போவது கணினி முன் இருக்கும் அந்த ஒப்பந்தப் பெண்தான். அவருக்கு அதை அறியப் பயிற்சி இல்லை. சொல்ல அதிகாரம் இல்லை. சொன்னால் தன் மேலேயே பழி வரும் என்ற பயம் மட்டும் உண்டு.

முறைப்பாசனக் காலத்தில் ஒருவரிடம் மதகின் திருகைக் கொடுத்துவிட்டு, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கை மட்டும் மறைத்து வைத்தால் வயல் மூழ்கத்தான் செய்யும். மூழ்கிய பிறகு திருகைப் பிடித்தவரைக் கட்டிவைத்து அடிப்பது நிர்வாகம் ஆகாது.

நிலையான பணிநிரை இருந்தால் ஒரு பெண் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு வெளிநாட்டில் சான்று தேட வேண்டியதில்லை. தேசியத் தகவலியல் மையமே சான்று. 1976-இல் தொடங்கிய அந்த அமைப்பில் அறிவியலாளர் என்ற நிரந்தரப் படிநிலை இருக்கிறது. நுழைகிறவர் தேர்வுகளையும் மதிப்பீடுகளையும் கடந்து படிப்படியாக மேலே போகலாம். அந்தப் படிகளில் ஏறித்தான் நீதா வர்மா அதன் தலைமை இயக்குநர் ஆனார். நாட்டின் அரசுத் தரவு மையங்களும் அரசுக்கான மேகக் கணிமையும் வளர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. அவரை யாரும் சலுகையால் அங்கே உட்கார வைக்கவில்லை. ஏறுவதற்கு ஏணி இருந்தது, ஏறினார். அதே ஒன்றிய அரசில், தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் பதவி 2015-இல் தொடங்கியதிலிருந்து ஒரு பெண்கூட அதில் அமர்ந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையத்தை 2020 முதல் 2024 வரை நடத்தியவர் லிண்டி கேமரூன் என்ற பெண். அவர்தான் பிறகு இந்தியாவுக்கான பிரிட்டன் தூதராக டெல்லிக்கு வந்தார். அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையை 2021 முதல் 2025 தொடக்கம் வரை ஜென் ஈஸ்டர்லி தலைமையேற்று நடத்தினார். பெண்ணால் இந்த வேலை முடியுமா என்ற கேள்வி உலகில் முடிந்துபோன கேள்வி.

அதே பிரிட்டன் ஒரு காலத்தில் இதில் செய்த தவறை நம் ஆட்சியாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டு அரசு அலுவலகங்களில் கணக்கிடும் இயந்திரங்களையும் முதல் கணினிகளையும் இயக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கென்று "இயந்திரப் பிரிவு" என ஒரு தாழ்ந்த நிலையை உண்டாக்கி வைத்திருந்தார்கள். 1955-இல் அரசுப் பணியில் ஆண் பெண் சம ஊதியம் என்று ஒப்புக்கொண்டபோதும் அந்தப் பிரிவை விலக்கிவிட்டார்கள். காரணம், அதில் பெண்கள் மட்டுமே இருந்ததால் ஒப்பிட ஆண்கள் இல்லையாம்! கணினி அரசின் மூளை என்பது பிறகு புரிந்ததும், பதவிகளை உயர்த்தி ஆண்களை அமர்த்தினார்கள். அந்த ஆண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் அதே பெண்கள். தேர்ந்த பெண்களை இப்படி விரட்டியதால் அந்த நாட்டின் கணினித் துறையே பின்தங்கியது என்று வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் 2017-இல் ஒரு முழு நூலாக எழுதிக் காட்டினார்.

அந்த அமைப்பிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவர் ஸ்டெஃபனி ஷெர்லி. சிறுமியாக நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர். டாலிஸ் ஹில்லில் இருந்த அரசு அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களில் கணினி வேலை கற்றவர். பெண் என்பதால் மேலே போக வழியில்லை என்று கண்டு விலகினார். 1962-இல், குழந்தை பெற்றதால் வேலையைவிட்ட பெண்களைச் சேர்த்து, வீட்டிலிருந்தே நிரல் எழுதும் நிறுவனம் தொடங்கினார். தன் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராது என்பதால் "ஸ்டீவ்" என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார். முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியது அந்தப் பெண்கள்தான். அரசு இழந்தது அப்படிப்பட்டவர்களை. நம் அலுவலகங்களில் பத்து ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருந்துவிட்டு, வெறுத்துப்போய்த் துணிக்கடைக் கணக்கு எழுதப் போகும் பெண்களோடு நாம் எதை இழக்கிறோம் என்று யாரேனும் கணக்கிட்டதுண்டா?

அரசு சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியும். நிதி இல்லை என்பது முதலாவது. ஒரே மோசடியில் 110 கோடி போன மாநிலத்தில், வட்டத்துக்கு ஒருவர், ஒன்றியத்துக்கு ஒருவர் என்று நியமிக்க நிதி இல்லை என்பதை ஏற்க முடியாது. ஏஜென்சிக்குக் கொடுக்கும் சேவைக் கட்டணமும் மக்கள் பணம்தானே. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் பணிவரன்முறைக்குத் தடை போட்டுவிட்டது என்பது அடுத்தது. அந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்து, நீண்டகாலம் நிலையான வேலை செய்தவர்களை ஏமாற்றக் கூடாது என்று 2024 டிசம்பர் 20 அன்று ஜக்கோ வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரந்தரத் தேவையுள்ள வேலைக்கு வெளிமுகமை ஆட்களை அமர்த்தித் தப்பிக்கும் பழக்கத்தையும் அந்தத் தீர்ப்பு கடிந்திருக்கிறது. சட்டத் துறைச் செயலகத்தில் அதைப் படிக்காதவர்கள் இருக்க முடியாது.

இணையப் பாதுகாப்பு என்றால் இரவுப் பணி, அவசர அழைப்பு, பெண்களுக்குச் சரிப்படாது என்று முணுமுணுப்போரும் உண்டு. 1973-இலேயே பெண்களைக் காவல் துறையில் சேர்த்த மாநிலம் இது. இரவில் ரோந்து போகும் பெண் காவலருக்குச் சரிப்படுவது, கணினித் திரையைக் கண்காணிக்கும் பெண்ணுக்கு எப்படிச் சரிப்படாமல் போகும்? நிலுவையை முடிக்க அதே பெண்களை இரவு எட்டு மணி வரை உட்கார வைக்கும்போது இந்தக் கரிசனம் எங்கே போகிறது?

மகப்பேறு விடுப்பில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலை முதல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம் என்று தமிழ்நாடு அரசு உயர்த்தியது, நாம் பாராட்டினோம். பக்கத்து நாற்காலியில் அதே வேலையைச் செய்யும் ஏஜென்சிப் பெண்ணுக்கு அது இல்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. தினக்கூலிப் பெண்ணுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் இருந்தென்ன, பிரசவத்துக்குப் போனவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் 26 வாரத்துக்கு என்ன அர்த்தம்? அவர் போன மறுநாள் அவருடைய கணக்கும் கடவுச்சொல்லும் புதிதாக வந்தவருக்கு அப்படியே கொடுக்கப்படுகின்றன என்றால், பாதுகாப்பு ஓட்டையும் அநீதியும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

மயிலாடுதுறைக்கு இதில் தனிக் கடமை உண்டு. இங்கே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, பெண்கள் படிக்க வேண்டும் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதினார். ஊருக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் மூவலூர். அங்கே வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், வழக்கம் என்ற பெயரில் பெண்கள் மீது சுமத்தப்பட்டதை எதிர்த்து வாழ்நாள் முழுதும் போராடினார். அவர் பெயரால்தான் 2022 செப்டம்பர் 5 முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் நடக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவிகளுக்குக் கணினித் திறன்களைக் கற்பிக்கிறது. படிக்க வைப்பதும் அரசு, பயிற்சி தருவதும் அரசு. படித்து முடித்து அதே அரசின் வாசலுக்கு வந்தால், ஏஜென்சியின் பெயர்ப் பலகையைக் காட்டுவதும் அரசு. அம்மையாரின் பெயரைத் திட்டத்துக்கு வைத்தவர்கள், அந்தத் திட்டத்தில் படித்த பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்று வெட்கப்பட வேண்டும்.

மாநில அரசு உடனடியாகத் திருத்திக்கொள்ள வேண்டும். தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு மாநிலப் பணிநிரையை உருவாக்கி, மாவட்டம், வட்டம், ஊராட்சி ஒன்றியம் என்று பணியிடங்களை வரையறுத்து, தேர்வாணையத்தின் மூலம் ஆளெடுக்க வேண்டும். அதில் பெண்களுக்கான இடஒதுக்கீடு ஒரு இடம்கூடக் குறையாமல் நிரப்பப்பட வேண்டும். அரசுப் பணிகளில் அதை 40 சதவீதமாக உயர்த்துவதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தது தமிழ்நாடு அரசுதான். ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் பெண்களுக்கு, அவர்கள் பணியாற்றிய ஆண்டுகளைக் கணக்கில் கொண்டு வயது வரம்பில் விலக்கும் தேர்வில் மதிப்பெண்ணும் தர வேண்டும். அதுவரை அவர்களை நீக்கக் கூடாது. சி-டாக் போன்ற அரசு நிறுவனங்களைக் கொண்டு, அலுவலக நேரத்திலேயே, ஊதியத்தோடு பயிற்சி அளிக்க வேண்டும். ஊடுருவலைக் கண்டு முதலில் சொல்லும் ஊழியர், ஒப்பந்தக்காரர் ஆனாலும், பழிவாங்கப்படமாட்டார் என்று அரசாணையில் எழுத வேண்டும். எந்தக் கணக்கில் தவறு நடந்ததோ அந்தக் கணக்குக்கு உரிய அதிகாரியே முதலில் பதில் சொல்ல வேண்டும். கீழே இருப்பவரைத் தூக்கியெறிந்து கோப்பை மூடும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதுவரை இதைப் பற்றி அவையில் பேசியிருக்க வேண்டும். இனியாவது பேசட்டும். அடுத்த கூட்டத்தொடரில், மயிலாடுதுறை மாவட்டத்தில் அரசுக் கணினிகளை இயக்குவோர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், நிரந்தரமானவர்கள் எத்தனை பேர், பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு விடையை மக்கள் முன் வைக்கட்டும்.

பணிநிரைக்கு நிதித் துறையின் ஒப்புதல் வேண்டும், அமைச்சரவை கூட வேண்டும், மாதங்கள் ஆகும். ஆனால் ஒன்றை மாவட்ட ஆட்சியர் இன்றே செய்யலாம். தன் பெயரில் இல்லாத லாகினையும் தன்னுடையதல்லாத கையொப்ப டோக்கனையும் பயன்படுத்தும்படி எந்த அதிகாரியும் எந்தப் பணியாளரையும் பணிக்கக் கூடாது, பணித்தால் பணித்த அதிகாரி மீதே நடவடிக்கை என்று மாவட்டத்தின் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை. உடனே அனுப்புங்கள்.